டெமோ பாட்டுக்கு மயங்கி வாங்கிய கீபோர்டு

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. பச்சை இலையை ஃபேக்டரியில் கொண்டுபோய்க் கொட்டினால் பறிகூலிக்கே கட்டாது என்று, நீலகிரியில் எங்கள் அரவேணுப் பக்கம் பலர் தோட்டத்தை அப்படியே வளரவிட்டிருந்தார்கள். எங்களுக்கும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை உண்டு. ஆனால் எங்கள் பிழைப்பில் பாதி பாட்டுக் கச்சேரிதான். என் கணவர் ரிதம் பேடும் தபேலாவும் வாசிப்பார். நான் கீபோர்டு. பாடுவதற்குக் கோத்தகிரியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். கல்யாணம், கோயில் திருவிழா, ஆண்டு விழா என்று எது வந்தாலும் ஒரு ஜீப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

இலைக்கு விலை இல்லாவிட்டால் மலையில் முதலில் நின்றுபோவது பாட்டும் மேளமும்தான். ஸ்பீக்கர் வைத்து செல்போனில் பாட்டுப் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வருகிற ஒன்றிரண்டு நிகழ்ச்சியையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்த மழைக்காலத்தில், என் கீபோர்டு செத்துப்போனது. ஈரம் உள்ளே இறங்கி சர்க்யூட் போர்டே போய்விட்டது என்று கோயம்புத்தூர் ரிப்பேர் கடையில் கையை விரித்துவிட்டார்கள். கேத்திப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு அட்வான்ஸ் வேறு வாங்கியிருந்தோம்.

புதிது வாங்க வழியில்லை. போனில் பழைய சாமான் விற்கும் தளங்களை வீட்டுவேலைக்கு நடுவே துழாவிக்கொண்டே இருப்பேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் அந்த விளம்பரம். நான் ஆசைப்பட்ட அதே மாடல். பூப்போட்ட நீலப் போர்வையின் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். வீட்டில் மட்டும் வாசித்தது, வேலை மாற்றலாகிப் போவதால் விற்கிறேன் என்று எழுதியிருந்தது.

கூப்பிட்டேன். ஒரு ஆண் குரல், அவ்வளவு மரியாதை. குந்தாவில் பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸில் இருப்பதாகவும், சென்னைப் பக்கம் மாற்றல் வந்துவிட்டதாகவும் சொன்னான். நேரில் வந்து பார்க்கிறோம் என்றதற்கு, இவ்வளவு தூரம் எதற்கு, நானே குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். எங்களுக்கு அது உதவியாகத்தான் தெரிந்தது.

நாங்கள் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பூட்டின கடையின் ஓரத்தில் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் விபூதி. எங்கள் பக்கத்துப் பேச்சு. அடாப்டர் எங்கே என்று என் கணவர் கேட்டதற்கு, பேக்கிங்கில் எங்கேயோ மாட்டிக்கொண்டது, நாளைக்கே பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன் என்றான். பேட்டரி போட்டுத்தான் கொண்டுவந்திருந்தான். டெமோ பொத்தானை அழுத்தினான். மழைச் சத்தத்துக்கு நடுவே வயலினும் புல்லாங்குழலும் டிரம்ஸும் சேர்ந்து என்னமாய் ஒலித்தது தெரியுமா! பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் உள்ள கட்டைகள் சிலவற்றை நானும் தட்டிப் பார்த்தேன். நன்றாகப் பேசின. தண்ணீர் பட்டுவிடப் போகிறது அக்கா, மூடிவிடலாம் என்று அவசரப்படுத்தினான். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்தோம்.

வீட்டில் எங்கள் பழைய அடாப்டரைப் போட்டு உட்கார்ந்தேன். மேல் பக்கம் ஒரு வரிசைக் கட்டைகள் ஊமை. கீழே இரண்டு கட்டைகளைத் தொட்டாலே முழுச் சத்தத்தில் அலறின. கொஞ்ச நேரம் சூடானதும் இரைச்சல் கிளம்பித் தானாகவே அணைந்தது. என் கணவர் அடிப்பக்கத்தைத் திறந்தார். உள்ளே துரு, வெள்ளைப் பூஞ்சை, காய்ந்த சேறு. எங்கோ வெள்ளத்தில் முழுகி எழுந்த சாமான். வெளியே மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான்.

டெமோ பாட்டு உள்ளே சிப்பில் இருப்பது. கட்டை ஒன்றுகூட வேலை செய்யாவிட்டாலும் அது பாடும். அதுவும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பொத்தானை முதலில் அழுத்தினான்.

போன் செய்தேன். எடுத்தான். பழைய பொருள்னா அப்படி இப்படித்தான் இருக்கும், நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று அதே மரியாதையோடு சொன்னான். அதன்பிறகு எந்த எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

கேத்தித் திருவிழாவுக்கு வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனோம். ஊமைக் கட்டைகள் பக்கம் போகாமல், அலறுகிற கட்டைகளைத் தொடாமல் வாசித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் மூன்று பாட்டு எப்படியோ ஓடியது. நான்காவது அம்மன் பாட்டு. பாடகி மெல்ல எடுக்கிற இடத்தில், நான் தொடாத கட்டை ஒன்று தானாகவே பிடித்துக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. சாமி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். என் கணவர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். மீதி நிகழ்ச்சியை வெறும் தபேலாவில் முடித்தோம். திருவிழாக் கமிட்டிக்காரர், கேரட் விவசாயி, நல்ல மனிதர். பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா?

ஜீப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

போலீசில் புகார் கொடுக்கப் போனோம். ரசீது கேட்டார்கள். பழைய சாமானுக்கு எங்கே போவது ரசீதுக்கு? பார்த்துத்தானேம்மா வாங்கினீங்க என்று அங்கேயும் அதே கேள்வி. சொந்தக்காரர்கள் சும்மா விட்டார்களா? போனில் பார்த்து யாராவது இதையெல்லாம் வாங்குவார்களா, இத்தனை வருடம் வாசிக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏமாற்றியவனைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லோரும் என்னைத்தான் விசாரித்தார்கள். அந்தக் கோபம் தனி.

ஆனாலும் அந்தத் தளங்களைப் பார்ப்பதை நான் விடவில்லை. ஒருநாள் வேறொரு பெயரில், வேறொரு எண்ணில், ஒரு கீபோர்டு வந்தது. அடியில் அதே பூப்போட்ட நீலப் போர்வை.

என் நாத்தனார் குன்னூரில் மாடியில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். பயம் என்பதே கிடையாது அவளுக்கு. வாங்குகிறவள்போல அவளைப் பேசச் சொன்னேன். இந்தத் தடவை அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் விற்கிறானாம். பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம் என்றானாம். கடையை விட்டு வர முடியாதுங்க, மேலே கொண்டுவந்தீங்கன்னா இப்பவே வாங்கிக்கிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆசை யாரை விட்டது? வந்துவிட்டான்.

நானும் என் கணவரும் துணித் திரைக்குப் பின்னால் நின்றோம். அவன் கீபோர்டை வெட்டு மேஜை மேல் வைத்தான். டெமோ பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனபோது நான் வெளியே வந்தேன்.

அவன் முகம் ஒரு நொடிதான் மாறியது. பிறகு சிரித்துக்கொண்டே, நல்லா இருக்கீங்களாக்கா என்று விசாரித்தான். என் கணவர் கதவோரம் போய் நின்றுகொண்டார். கையோடு கொண்டுவந்திருந்த எங்கள் அடாப்டரை மாட்டி, கீழ்க் கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போனேன். மெதுவாகத் தட்டினேன், ஓங்கித் தட்டினேன், நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அமுக்கினேன். கெட்டுப்போன ஒன்றையாவது பிடித்து அவன் மூஞ்சியில் காட்ட வேண்டும் என்று வெறியோடு தேடினேன்.

ஒன்றுகூட இல்லை. அது அருமையான கீபோர்டு. ஒரு குறை சொல்ல முடியாது.

அவன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் நிறுத்தியதும் பேரத்துக்கு வந்தான். அந்தப் பழையதை என்னிடம் கொடுத்துவிடுங்கள், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நமக்குள் சரியாகிப் போயிற்று என்றான். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து கல்யாண மாதம் வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் பிரச்சினை அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டியது.

கீபோர்டு வந்த துணிப்பை மேஜையில் கிடந்தது. யாரோ கையால் தைத்த பை. அதன் மேல் குந்தா போகும் வழியில் உள்ள ஒரு எஸ்டேட்டின் பெயரும், மாரியம்மன் கோயில் பஜனைக் குழு என்பதும் பெயின்டில் எழுதியிருந்தது. இது எங்கே பிடித்தது என்று கேட்டேன். என்னோடு சமாதானமாகிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு அம்மாவிடம், காயலான் கடை விலைக்கு வாங்கினேன் என்று பெருமையாகவே சொன்னான்.

இவ்வளவு நல்ல சாமானை எதுக்குங்க அந்த விலைக்குக் குடுத்தாங்க என்றேன்.

"போர்டு செத்துப்போச்சுன்னு சொன்னனுங்க்கா. அவங்க அடாப்டரைப் போட்டா எரிஞ்சு போயிரும்னு பயங்காட்டி, நான் கொண்டுபோனதை மாட்டிக் காமிச்சேன். செத்தது என்ர அடாப்டர்தானுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். தொழில் ரகசியத்தைத் தெரிந்தவர்களிடம் சொல்வதுபோல.

செத்ததை உயிரோடு இருக்கிறது என்று எனக்கு விற்றவன், உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டது என்று சொல்லி இன்னொருத்தியிடம் பிடுங்கியிருக்கிறான். இரண்டுக்கும் அதே விபூதி, அக்கா என்கிற அதே பேச்சு. வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள் என்று எஸ்டேட் எஸ்டேட்டாக ஜனங்கள் திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், எந்த வீட்டில் எது விற்பனைக்கு வரும் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு இவன் மலையைச் சுற்றியிருக்கிறான்.

அதுவரை அவனை நீங்கள் என்றுதான் பேசியிருந்தேன். "கீபோர்டு இங்கயே இருக்கட்டும். என்ர பணத்தை வெச்சுட்டு நீ போ" என்றேன்.

இது என்னுடைய பொருள், பிடுங்கினால் போலீசுக்குப் போவேன் என்று அவன் குரலை உயர்த்தினான். என் நாத்தனார் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வாங்க போலாம், போற வழியில அந்த எஸ்டேட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிரலாம் என்று செருப்பை மாட்டினாள். அவன் வண்டி எண்ணையும் முகத்தையும் அவள் முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். சத்தம் கேட்டுக் கீழ்க் கடைக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். அவன் மரியாதையெல்லாம் எங்கே போனதோ, வாயில் வந்ததைப் பேசினான். கடைசியில் அங்கேயே போனில் பாதிப் பணத்தை அனுப்பிவிட்டு, மீதி அடுத்த வாரம் என்றான். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

வண்டி எண்ணோடு மறுபடி புகார் கொடுத்தோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீபோர்டை எடுத்துக்கொண்டு நாங்கள் அந்த எஸ்டேட்டுக்குப் போனோம். போகிற வழியில் என் கணவர் ஒரே ஒரு முறை, பாதிப் பணம்தான் வந்திருக்கு, நமக்கும் கீபோர்டு இல்லை என்றார். ஆனால் ஜீப்பைத் திருப்பவில்லை.

லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பையைப் பார்த்ததுமே ஒரு பெரியவர் கடைசி வீட்டைக் காட்டினார். வெளியே வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இங்கே இலை பறிக்கிறாள். வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கீபோர்டு வாசித்தவள் அவள்தான். யாரிடமும் போய்க் கற்கவில்லை, கேட்டுக் கேட்டு வாசித்துப் பழகியிருக்கிறாள். இந்த மலையில் கீபோர்டு வாசிக்கிற இன்னொரு பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடந்ததைச் சொன்னோம். அவள் திகைத்துப்போய், கீபோர்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அவள் கதையைச் சொன்னாள். அந்தக் கீபோர்டு அவளுடையது அல்ல. நல்ல காலத்தில் லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து வாங்கியது. குடும்பங்கள் ஊரைவிட்டுப் போக ஆரம்பித்ததும், விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். போனில் விளம்பரம் போட்டதும் இவன் வந்திருக்கிறான். எல்லோர் முன்னாலும் மாட்டிக் காட்டி, செத்துவிட்டது, வைத்திருந்தவர்கள் ஒழுங்காக வைக்கவில்லை, ஈரத்தில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். வைத்திருந்தது அவள் வீட்டில்.

"நான்தான் பழுதாக்கிட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. சேலையில சுத்தித்தான் வச்சிருந்தேன். எப்படிப் பழுதாச்சுன்னு எனக்கே விளங்கலை. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்."

அதன்பிறகு சிலர் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்களாம். கோயிலுக்குப் போவதையும் அவள் நிறுத்தியிருந்தாள். எங்கள் பணத்தைவிட, கேத்தியில் பட்ட அவமானத்தைவிட, இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கொஞ்சம் லாபத்துக்காக ஒருத்தியை அவள் ஜனங்களிடமிருந்தே பிரித்துப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

மாட்டிக் காட்டுங்கள் என்று என் கணவர் சொன்னார். வீட்டு வாசலில் இரண்டு நாற்காலிகளின் மேல் கீபோர்டை வைத்து, உள்ளிருந்து ஒயர் இழுத்தாள். எரிந்துவிடும் என்று சொல்லி அவன் விட்டுப்போன அவர்களுடைய சொந்த அடாப்டரையே மாட்டினாள். அது எரிந்துபோகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் ஒரு கட்டையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து ஒரு அம்மன் பாட்டு வாசித்தாள். விரல் பிடிப்பு என்னுடையதுபோல் இல்லை. ஆனால் ஒரு இடம் பிசகவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"பார்த்துக்கங்க. நான் பழுதாக்கலை."

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் கோபப்பட உரிமை உண்டு.

அவர்கள் கீபோர்டை மறுபடி விற்கவில்லை. எங்களுக்கு வேறு கிடைக்கும்வரை இரண்டு கல்யாணத்துக்கு அதையேதான் கொடுத்து அனுப்பினாள். பிறகு நான் வாங்கப் போனபோது அவளும் கூட வந்தாள். இந்தத் தடவை விற்பவர் வீட்டுக்கே போனோம். எங்கள் அடாப்டரையும் ஹெட்போனையும் கொண்டுபோனோம். டெமோ பொத்தானைத் தொடவே இல்லை. கீழிருந்து மேல்வரை எல்லாக் கட்டைகளையும் தட்டி, அரை மணி நேரம் சூடாகவிட்டு மறுபடி தட்டி, பேட்டரி மூடியைக் கழற்றித் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். யாரிடம் எப்போது வாங்கியது என்று கேட்டு, விற்பவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். அந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் காபி கொடுத்தார். நல்ல பொருளை விற்கிறவருக்கு நாம் சோதித்துப் பார்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. மழை வருகிறது, பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறவரிடம் மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் ஏமாந்து வந்து நிற்கிறவர்களிடம் மட்டும், நீ பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா என்று நான் கேட்பதில்லை. பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, தப்பு உன்னுடையதுதான் என்று நம்மையே நம்பவைத்துவிட்டுப் போகிறானே, அதுதான் அவன் செய்கிற பெரிய திருட்டு. அதற்கு நான் இனி ஒருநாளும் துணை போக மாட்டேன்.